கையோடு கொண்டுபோகும் சாமான்

"ஒருத்தர்கிட்ட போய் நின்னு, 'ஐயா அது எப்படி, அம்மா இது எப்படி'ன்னு கேட்டு எழுதற தலையெழுத்து எனக்குக் கிடையாது. இருபத்திரண்டு வேலை, பதினோரு தேசம். இந்தக் கண்ணு பாக்காதது இன்னும் உண்டாகலை!"

இந்தப் பிரகடனம் நூலகத்து மாடியில், வாசகர் கூட்டம் முடிந்து, மைக்கை அணைத்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகு வெளியிடப்பட்டது. கேட்டவர்கள் மூவர். ஒருவர் நாற்காலி அடுக்குபவர். ஒருவர் தம் குடையைத் தேடிக்கொண்டிருந்தவர். மூன்றாமவர் பிரகடனம் செய்தவரின் மனைவி. ஏற்கெனவே பலமுறை கேட்டவர் என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அடுக்கும் முறை தப்பு, அடியில் உள்ளதற்குக் கால் வளைந்துவிடும் என்று சொல்லி, அறுபது நாற்காலிகளையும் கலைத்துத் தாமே மறுபடி அடுக்கிவிட்டுத்தான் அன்று பிரகடனக்காரர் இலக்கியத்துக்கு விடை கொடுத்தார்.

அவரை வேலை பார்த்த இடத்தில் 'லிஸ்ட் அண்ணன்' என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. காலை ஐந்தரைக்கு நாவலைக் கட்ட ஆரம்பிப்பார். 'எழுதுவது' என்ற சொல் அவருக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. "மூணாம் அத்தியாயம் கட்டியாச்சு, நாலாவது பாதி கட்டியிருக்கேன்" என்றுதான் பேச்சு. மேசை கிடையாது. இரண்டு அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதன் முன் நின்றுகொண்டுதான் வேலை. காதில் மார்க்கர் பேனா, இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி டேப் சுருள். ஒரு பத்தி நன்றாக வந்துவிட்டால் டேப்பை 'கிர்ர்' என்று ஓரடி இழுத்து, தாளைப் பெட்டிமேல் ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தக் 'கிர்ர்'தான் அந்த வீட்டில் அலாரம்.

தாளும் சாதாரணத் தாள் அல்ல. வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு அவர் கிளம்பியபோது, நினைவுப் பரிசாகச் சுவர்க்கடிகாரம் வேண்டுமா என்று கேட்டார்கள். கடிகாரம் எதற்கு, மிச்சம் கிடக்கும் பட்டியல் படிவங்களைக் கொடுங்கள் போதும் என்று நான்கு பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எண், பொருள், நிலை என்று மூன்று கட்டம் போட்ட படிவம். லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் போட்டு, கீறல், நெளிவு, உடைசல் எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும். பிறகு யாரும், 'என் அலமாரியில் நீதானே கீறல் போட்டாய்' என்று சண்டைக்கு வரக்கூடாது பாருங்கள். பதினோரு வருடப் பழக்கம் பேனாவில் இறங்கிவிட்டது. இரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகனின் முதலாளியம்மா அறிமுகமாகும் இடம் இது: 'அந்தப் பெண்மணி உள்ளே வந்தாள். நல்ல நிலை. இடது கன்னத்தில் சிறு கீறல், முன்பே இருந்தது.'

அந்த 'முன்பே இருந்தது' மீது அவருக்குத் தனிப் பெருமை. "பின்னால எவனும் நம்மைக் கேள்வி கேக்க முடியாதுல்ல?" என்பார்.

அனுபவத்துக்கு மட்டும் குறை சொல்ல முடியாது. சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தார். ஒன்பது வகை மயக்கத்தோடு வாந்தி எடுத்துக்கொண்டே உரித்தார் என்பது அவர் வாக்குமூலம். குளிர் தேசத்து ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டார். நாற்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார்; ஆறே வாரத்தில் ஒரு நாள் லிஃப்டில் ஏறுகிறவர்களே அழுத்திக்கொள்ளப் பொத்தான் வைத்துவிட்டதால் வேலை போயிற்று. மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கிக்கு ஏணி போட்டு ஏறித் தீனி கொடுத்தார். விமான நிலையத்தில் யாரும் தேடி வராத பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் இரண்டு வருடம் இருந்தார். "ஊர் ஊரா அலைஞ்ச பொட்டிங்க. பாவம், எதுக்கும் ஆள் வரலை" என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். உடனே சரிசெய்துகொண்டு, "எல்லாத்துக்கும் நம்பர் போட்டேன்" என்பார்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்தவர், மறுநாளே நாவலாசிரியர் ஆனார். இதற்குப் பயிற்சி வேண்டாமா என்று மகள் தொலைபேசியில் கேட்டாளாம். "உருளைக்கிழங்கு உரிக்க யாரு பயிற்சி கொடுத்தா?" என்று பதில் போயிற்று. கதாநாயகன் அவரைப் போலவே இருபத்திரண்டு வேலை பார்த்தவன்; உயரம் மட்டும் அரை அடி கூடுதல்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அத்தனையையும் கம்ப்யூட்டரில் அடித்தவர் மனைவி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருப்பவர். நோயாளிகளுக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வில், டாக்டரின் அனுமதியோடு, நாளுக்கு நாலைந்து படிவமாக அடித்து முடித்தார். அச்சுப் பிரதி மேசையிலேயே கிடந்ததால் நாவலுக்கு வெளியாகும் முன்பே வாசகர் வட்டம் அமைந்துவிட்டது. எல்லோரும் ஒரு பக்கக் கன்னம் வீங்கியவர்கள்.

"அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு வயித்துவலி தீந்துச்சாங்க?" என்று ஒரு கிழவர், தம் வலியை விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறார்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், வாய்த்துடுக்கும் உண்டு. "அக்கா, உங்க வீட்டுக்காரர் புத்தகத்துல ரெண்டு பக்கம் படிச்சிட்டு வர்றவங்களுக்கு மரத்துப்போற ஊசி பாதி போதும்க்கா" என்றார். இதை மனைவி வீட்டில் வந்து அப்படியே சொன்னார். லிஸ்ட் அண்ணன் பாராட்டாகவே வரவு வைத்துக்கொண்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் பதிப்பகம். பதிப்பாளர் ஒரு பெண்மணி. வரிக்கு வரி அடியில் ஸ்கேல் வைத்துப் படிப்பவர். லிஸ்ட் அண்ணன் கொண்டுபோன பெட்டியின் ஆறு பக்கமும் 'உடையும்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால், அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கி வைத்தார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், இதைப் போடலாம்னு இருக்கேன்" என்றார்.

லிஸ்ட் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க. ஒரு சிக்கல். உங்க ஆளு ஊர் ஊரா வீட்டுக்கு லெட்டர் போட்டுக்கிட்டே இருக்கான். நாப்பத்தொரு லெட்டர், எண்ணிட்டேன். அதையெல்லாம் பிரிச்சுப் படிக்கிறது யாரு?"

"வீட்டுல இருக்கறவங்கதான்."

"யாரு வீட்டுல இருக்கறவங்க?"

"சம்சாரம்."

"அந்த அம்மா ஒரு தடவைகூட வாயைத் திறக்கலையே சார்! அவன் போற இடத்துல கதவுக்கு எத்தனை கீல்னு எனக்கு இப்ப மனப்பாடம். அவன் வீட்டுக்குக் கதவு இருக்கான்னே தெரியலை. அவங்களுக்கு ஒரு அத்தியாயம் வேணும். அது இருந்தா இது நாவல். இல்லாட்டி லாரி."

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் அச்சுக்குப் போகும். தவறினால் அந்த இடத்தில் பூந்தொட்டி வளர்ப்புப் புத்தகம் போகும். அதன்பின் நாவலின் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"பூந்தொட்டியா?" என்றார் லிஸ்ட் அண்ணன்.

"நல்லாப் போகும் சார்" என்றார் அந்த அம்மாள், ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே.

படியிறங்கும்போது 'பூந்தொட்டி' என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பதினோரு வருடம் ஊரார் சாமான்மீது ஊரார் பெயரை எழுதி ஒட்டியவர். தம் பெயர் ஒட்டிய பொருள் ஒன்று உலகத்தில் இருந்துவிட்டால் போதும் என்பது, யாரிடமும் சொல்லாமல் அவர் வைத்திருந்த ஆசை. அது இப்போது ஒரு செம்பருத்தித் தொட்டிக்குப் பின்னால் மறையப் பார்த்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையணை உறையை மடித்தபடியே சிரித்தார்.

"எனக்கு ஒரு அத்தியாயமா? அறுநூத்துப் பன்னண்டு பக்கம் இந்தக் கைதானே அடிச்சுது. மூணாம் பக்கத்துல வருவேன், முப்பதாம் பக்கத்துல வருவேன்னு பாத்தேன். முன்னூறோட பாக்கறதை விட்டுட்டேன். ஒட்டகச்சிவிங்கி வருது. அதுக்கு வயித்துவலி வருது. வைத்தியர் வர்றாரு. வைத்தியரோட மச்சான் வர்றாரு. நான் வரலை."

"அதுக்குக் காரணம் இருக்கு."

"சொல்லுங்க. துணி இன்னும் நிறைய இருக்கு."

லிஸ்ட் அண்ணன் தொண்டையைச் செருமினார். "வீடு காலி பண்றப்போ, வீட்டுக்காரங்க கையோட எடுத்துட்டுப் போற சாமான் லிஸ்ட்ல வராது. நகை, மருந்து, சாவி, இந்த மாதிரி. ரொம்ப முக்கியமானது. அதுக்கு நாங்க நம்பர் போட மாட்டோம், தொடக்கூட மாட்டோம். உன்னை லிஸ்ட்ல போடலைன்னா அதான் அர்த்தம்."

மனைவியை இதைவிட உயர்வாகச் சொன்ன கணவர்கள் குறைவு. அந்த அம்மாளின் கை தலையணை உறையோடு இரண்டு விநாடி நின்றது. மூன்றாவது விநாடியில் கேள்வி வந்தது.

"கையோட எடுத்துட்டுப் போனீங்களா? என்னையா?"

"ஆமா."

"எந்தக் கையில? ஏங்க, நான் இங்கதானே இருந்தேன்!"

லிஸ்ட் அண்ணன் மடித்து வைத்த துணிகளை எண்ணத் தொடங்கினார்.

மறுநாள் காலை டேப் சத்தம் நாலரைக்கே கேட்டது. நாவலாசிரியர் மனைவியைக் கட்ட ஆரம்பித்திருந்தார். யாரையும் கேட்காமல், சுயபலத்தில். மத்தியானம் மருத்துவமனையில் அந்தத் தாள்கள் மேசைக்கு வந்தன. முதல் வரி: 'அவள் ஜன்னலோரம் நின்றாள். சாலையில் விழி வைத்தாள். விழி நனைந்தது.'

வரவேற்பு மேசையிலிருந்து வந்த சிரிப்புக்கு, டாக்டரம்மா கையில் கருவியோடு வெளியே ஓடி வந்தார். உள்ளே வாயைத் திறந்தபடி படுத்திருந்த ஆசாமி அப்படியே கிடந்தார்.

"நம்ம வீட்டு ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுக் குளியலறைச் சுவர்தான் தெரியும்" என்று சாயங்காலம் மனைவி விளக்கினார். "அங்க நின்னு எதைப் பாக்கறது? குழாயையா? நிக்கத்தான் எனக்கு ஏது நேரம்?"

இரண்டாவது முயற்சியில் நாவலாசிரியர் ஜன்னலை அடைத்துவிட்டார். அவளுக்குக் காய்ச்சல் வரவழைத்தார். பக்கத்து வீட்டு அம்மாள் கஷாயம் கொண்டுவந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். கட்டில் ஒன்று, நாற்காலி இரண்டு, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம்.

"பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எனக்கும் ஒன்பது வருஷமா பேச்சுவார்த்தையே கிடையாது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே" என்றார் லிஸ்ட் அண்ணன், தெரியாமல்.

"எதனால?"

அவர் டேப்பின் நுனியை நகத்தால் தேட ஆரம்பித்தார்.

மூன்றாவதுதான் மாஸ்டர்பீஸ் என்று அவரே நம்பினார். கதாநாயகன் ஊரிலிருந்து திடீரென்று திரும்பி வருகிறான். கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். அதற்குப் பிறகு பதினான்கு பக்கத்துக்கு அவன் பேசுகிறான்.

மனைவி அதை அடிக்கவே இல்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஓரம் தட்டி, அவர் பெட்டிமேல் கொண்டுவந்து வைத்தார். "நான் சினிமாவுக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்தா, எனக்கு முன்னாடி ஒரு உயரமான ஆளு வந்து உக்காந்த மாதிரி இருக்குங்க. இது என் அத்தியாயம்தானே? இதுலயும் நீங்கதான் நிக்கிறீங்க. அப்புறம் நம்ம பொண்ணு. முதல் பக்கத்துலயும் அஞ்சு வயசு, அறுநூறுலயும் அஞ்சு வயசு. போன மாசம் தலையில முதல் நரை வந்துடுச்சுன்னு போன் பண்ணி அழுதா அந்தக் குழந்தை."

"நாவல்ல காலம்ங்கிறது வேற மாதிரி…"

"சரி, காலத்தை விடுங்க. நான் அந்த மருத்துவமனை நாற்காலியில உக்காந்து இருபத்தேழு வருஷம். எப்படி அங்க போய் உக்காந்தேன்? சொல்லுங்க பாப்போம்."

"வேலைக்கு விண்ணப்பம் போட்டே. கிடைச்சுது."

மனைவி அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. வாய் பெரிதாகத் திறக்காத நோயாளியை டாக்டர் பார்ப்பது போன்ற ஒரு பார்வை. "விண்ணப்பம் போடலை" என்றார். "கேட்டா சொல்லுவேன்."

'கேட்டா' என்ற அந்த ஒரு சொல், கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் பீரோ மாதிரி வந்து நின்றுவிட்டது. நகர்த்தவும் முடியவில்லை, சுற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை அவர் நாவலை விட்டுவிட்டுச் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தினார். புதன்கிழமை மனைவிக்கு உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போயிற்று. "இதை மட்டும் நான் உங்களைக் கேக்க வேண்டியிருக்கு பாருங்க" என்று அவர் சொன்னதில், தாராளமாகக் கிண்டல் இருந்தது. லிஸ்ட் அண்ணன் உப்பை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தபோது, இவள் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை. கேட்டாள், கிடைத்தது, போட்டுக் கிளறிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். நாலு தெரு தள்ளித்தான் மருத்துவமனை. பதினோரு தேசத்துக்குப் போனவர், அதன் உள்ளே இதுவரை போனதில்லை. பல் எல்லாம் நல்ல நிலை.

நீளப் பெஞ்சில் நான்கு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சிரிக்கும் பல்லின் படம். மேசைக்குப் பின்னால் மனைவி ஒரு தோளால் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு கையால் சீட்டு எழுதி, மறுகையால் அழும் குழந்தை ஒன்றுக்கு ரப்பர் முத்திரையைக் காட்டி வேடிக்கை செய்துகொண்டிருந்தார். குழந்தை அழுகையை நிறுத்தி முத்திரையை வாங்கித் தன் புறங்கையில் குத்திக்கொண்டது. லிஸ்ட் அண்ணன் வாசலிலேயே நின்று பார்த்தார். இப்படி மூன்று வேலையை ஒரே நேரத்தில் செய்யும் ஆளை அவர் கப்பலில்கூடப் பார்த்ததில்லை.

தொலைபேசி வைக்கப்பட்டது. "என்னங்க? வீட்டுல ஏதாவது உடைஞ்சிடுச்சா?"

"ஒண்ணுமில்லை. சும்மா." அவர் மேசையின் விளிம்பைத் தடவினார். ஒரு மூலையில் நெளிவு. முன்பே இருந்திருக்க வேண்டும். பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, நூலகத்து மாடியில் யாருமே கேட்டிராத ஒரு சன்னக் குரலில் சொன்னார்: "நீ இங்க எப்படி வேலைக்குச் சேர்ந்தேன்னு… எனக்குத் தெரியாது. சொல்றியா?"

மனைவி பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் தொலைபேசி மறுபடி அடித்தது.

"பெரிய கதைங்க அது. முன்னாடி நாலு பேர் வலியோட இருக்காங்க" என்றார், தொலைபேசியை எடுத்துக் கையால் மூடிக்கொண்டு. "டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க. கூப்பிடறேன்."

அவர் டோக்கன் எடுத்துக்கொண்டார். பதினேழு. வீங்கிய கன்னங்கள் இரண்டு சற்று நகர்ந்து நடுவில் இடம் விட்டன.

"உங்களுக்கு எந்தப் பல்லுங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் அனுதாபத்தோடு விசாரித்தார்.

"பல் இல்லைங்க. ஒரு விஷயம் கேக்கணும்."

சட்டைப் பையிலிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்து முழங்கால்மேல் விரித்தார். கட்டம் போட்ட பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, கோடே இல்லாத வெற்றுப் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு, தம் நம்பருக்காகக் காத்திருந்தார்.